பிஸ்கோத்துப் பொட்டலமும் பிள்ளையின் பிடிவாதமும்

ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு நம் சங்கத்தின் சார்பில் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு நடைபெறுகிறது. வளாகத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பதினைந்து பேர் வருகிறார்கள். ஒன்றரை மணி நேரம் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் எழுதுகிறார்கள். பாடம் முடிந்ததும் ஆளுக்கொரு பிஸ்கோத்துப் பொட்டலமும், பழரசம் என்று பெயர் சூட்டிய ஓர் அட்டைப்பெட்டிப் பானமும் கொடுத்து அனுப்புகிறோம். இதற்கென்று சங்க நிதியில் தனிக் கணக்கே உண்டு. ஓராண்டுக் காலம் இந்தப் பொட்டலங்களை என் கையாலேயே விநியோகம் செய்திருக்கிறேன். அது தவறு என்று இன்று எண்ணுகிறேன். ஏன் தவறு, அதற்கு மாற்றாக என்ன செய்யலாம் என்பதை நண்பர்கள்முன் வைக்கவே இதை எழுதுகிறேன்.

வகுப்புக்கு வருபவர்களில் ஆறு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். கெட்டிக்காரன், றகரத்தையும் ரகரத்தையும் மயங்காமல் எழுதுவான். ஆனால் அவன் உண்பவை மூன்றே பொருள்கள்: கடை ரொட்டி, பிஸ்கோத்து, வெறும் தயிர்சாதம். காய் என்றால் முகத்தைத் திருப்பிக் கொள்வான். பருப்பு என்றால் அழுவான். ஒரு ஞாயிறன்று அவன் தாயார் அந்தப் பொட்டலத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "தம்பி, வீட்டிலேயே இவனிடம் தினமும் தோற்றுக்கொண்டிருக்கிறேன். நீங்களும் சேர்ந்து என்னைத் தோற்கடிக்க வேண்டுமா?" என்று கேட்டார். அந்தக் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். களைப்புக்கு என்னிடம் பதில் இல்லை.

விடுதிக்குத் திரும்பியதும் பொட்டலத்தைத் திருப்பி அதிலிருந்த சிற்றெழுத்துக்களைப் படித்தேன். பிஸ்கோத்து 50 கிராம். அதில் சர்க்கரை 13 கிராம். பானம் 150 மில்லி. அதில் சர்க்கரை 20 கிராம். ஆக மொத்தம் 33 கிராம். உணவில் புறத்தே சேர்க்கும் சர்க்கரையிலிருந்து கிடைக்கும் ஆற்றல், நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவுறுத்தியது. 5 சதவீதத்துக்குக் கீழ் இருப்பின் இன்னும் நலம் என்றது. தேனும் பழச்சாறும்கூட இந்தக் கணக்கிலேயே அடங்கும். ஆறு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,400 கலோரி என்று கொண்டால், 10 சதவீதம் என்பது 35 கிராம் சர்க்கரை. ஒரு நாள் முழுவதற்கும் உரிய உச்சவரம்பை நாம் பதினொன்றரை மணிக்கே கையில் கொடுத்து, "போய் வா" என்று வழியனுப்பியிருக்கிறோம்!

இதைச் சொன்னவுடன் நண்பர்களில் ஒரு சாரார், "மாவுப் பொருள்களே கேடு, சோற்றையும் சப்பாத்தியையும் குறைப்பதுதான் வழி" என்கிறார்கள். மற்றொரு சாரார், "எதையாவது தின்று வயிறு நிறைந்தால் சரி, வளர வளரச் சரியாகிவிடும்" என்கிறார்கள். இரண்டும் பிழை என்பது என் கருத்து.

கார்போஹைட்ரேட் என்பது ஒரு பொருளின் பெயரன்று. ஒரு குடும்பத்தின் பெயர். சர்க்கரை, மாவுச்சத்து, நம்மால் செரிக்க முடியாத நார்ப்பொருள் ஆகிய மூன்றும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவை. முதலிரண்டும் உடைந்து உடலுக்கு எரிபொருளாகின்றன. மூளை பெரும்பாலும் குளுகோசை நம்பியே உழைக்கிறது. ஓடியாடும் பிள்ளைக்கு அந்த எரிபொருளை மறுப்பது மடமை. நார்ப்பொருளோ குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது, மலச்சிக்கலைத் தடுக்கிறது. ஆகவே, 'கார்போஹைட்ரேட் வேண்டுமா, வேண்டாமா?' என்பதன்று கேள்வி. 'எந்தத் தானியத்திலிருந்து, எந்த நிலையில்?' என்பதே கேள்வி. 2023-இல் வெளியான உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியும் இதையே கூறுகிறது. கார்போஹைட்ரேட் முதன்மையாக முழுத் தானியம், காய்கறி, பழம், பருப்பு வகைகளிலிருந்து வர வேண்டும்; 2 முதல் 5 வயது வரை நாளொன்றுக்கு 15 கிராம், 6 முதல் 9 வயது வரை 21 கிராம், அதற்கு மேல் 25 கிராம் நார்ப்பொருளேனும் வேண்டும் என்று அது வரையறுத்தது.

கோதுமை மணி ஒன்றை எடுத்துக் கொள்வோம். வெளியே தவிடு, ஒரு முனையில் முளை, நடுவே வெண்மாவு. தவிட்டையும் முளையையும் நீக்கி நடுப்பகுதியை மட்டும் நைய அரைத்தால் மைதா. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையின்படி, 100 கிராம் மைதாவில் நார்ப்பொருள் 3 கிராமுக்கும் குறைவு. முழுக் கோதுமை மாவில் 11 கிராம். கேழ்வரகிலும் கம்பிலும் ஏறத்தாழ அதே அளவு. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 364 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லை. கேழ்வரகு மிகச் சிறிய மணி. அதன் தோல் உள்மாவோடு இறுக ஒட்டிக் கொண்டிருப்பது. அதனாலேயே அது பெரும்பாலும் முழுதாக அரைக்கப்படுகிறது. அதன் சிறுமையே அதன் சிறப்பைக் காப்பாற்றியது என்னலாம்.

தானியத்தைத் தீட்டித் தீட்டி அழகாக்குவதன் விலையை உலகம் நூறாண்டுகளுக்கு முன்பே அறிந்தது. ஜாவாவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் எய்க்மன், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் பெரிபெரி போன்ற நரம்பு நோயால் கால் மடங்கி விழுவதையும், தவிடு கொடுத்தால் மீண்டும் எழுவதையும் கண்டார். அந்தப் பணிக்காக அவருக்கு 1929-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நம் நீலகிரியிலும் அத்தகைய ஆராய்ச்சி நடந்தது. குன்னூரில் ஆய்வுக்கூடம் நடத்திய இராபர்ட் மக்கேரிசன், இந்தியாவின் பல பகுதி மக்களும் உண்ணும் உணவை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியே பெரும்பகுதியாகவும், பாலும் காயும் அருகியும் இருந்த சென்னை மாகாண உணவை உண்டவை கடைசி வரிசையில் நின்றன. அந்தக் குன்னூர் ஆய்வுக்கூடந்தான் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறிப் பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று.

வடபுலத்தில் வந்து படிக்கும் நாம், "எங்கள் ஊர்ச் சாப்பாடே சாப்பாடு" என்று பெருமை பேசுமுன் இந்த எலிகளை ஒரு கணம் நினைத்துக் கொள்ளலாம். குற்றம் தமிழர் உணவில் இல்லை. தீட்டிய தானியத்தை மட்டும் வைத்துக் கொண்டு மற்றதைக் கைவிட்டதில் இருந்தது. அன்று தீட்டிய அரிசி, இன்று மைதா. வடிவம் மாறியதே தவிர வழக்கு மாறவில்லை. நம் அரசு 2016 முதல் 2018 வரை நடத்திய தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் 41 சதவீதத்தினருக்கும், 5 முதல் 9 வயதினரில் 24 சதவீதத்தினருக்கும் இரத்தசோகை காணப்பட்டது. அதற்குக் காரணங்கள் பல. ஆனால் வயிறு நிறைவது ஒன்று, உடல் நிறைவது வேறொன்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இனிப் பிள்ளையின் பிடிவாதத்துக்கு வருவோம். நாம் அதைக் குறும்பு என்கிறோம். பெற்றோரின் செல்லம் என்கிறோம். உண்மையில் இரண்டு வயது முதல் ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டு அஞ்சுவது குழந்தைகளின் பொது இயல்பு. இனிப்பை விரும்புவதும் கசப்பை ஒதுக்குவதும் பிறவியிலேயே வருபவை. கண்டதை வாயில் போடும் வயதில், அறியாததை மறுக்கும் குணம் ஒரு காலத்தில் பிள்ளைகளை நஞ்சிலிருந்து காத்திருக்கக் கூடும்.

இந்த அச்சத்தைப் போக்குவது எப்படி? அமெரிக்க உளவியலாளர் லீயன் பிர்ச் என்னும் அம்மையார் இதை ஆராய்ந்தவர். இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு முன்பின் அறியாத உணவுகளை வெவ்வேறு எண்ணிக்கையில் சுவைக்கக் கொடுத்து, 1982-இல் முடிவை வெளியிட்டார். எத்தனைக்கெத்தனை அதிகமாகச் சுவைத்தார்களோ, அத்தனைக்கத்தனை விருப்பம் வளர்ந்திருந்தது. இரண்டு முறை கொடுத்துப் பார்த்துவிட்டு, "இவனுக்குப் பிடிக்காது" என்று நாம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோமே, அது அவசரத் தீர்ப்பு. பத்து முறை, பதினைந்து முறைகூட வேண்டியிருக்கலாம். 1984-இல் வந்த மற்றோர் ஆய்வு இன்னும் சுவையானது. ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு உண்டு என்று சொல்லிக் குடிக்க வைத்தார்கள். பிள்ளைகள் குடித்தார்கள், ஆனால் பின்னர் அந்தப் பானத்தின் மீதிருந்த விருப்பம் குறைந்துவிட்டது. லஞ்சம் கொடுத்துத் தின்ன வைப்பது நல்ல பொருளாக இருக்க முடியாது என்று குழந்தையும் யோசிக்கும் போலும்! "கீரையைத் தின்றால் கேக் தருவேன்" என்னும் நம் வீட்டு ஒப்பந்தம், கீரையைத் தண்டனையாகவும் கேக்கை வெகுமதியாகவும் ஆக்குகிறது.

ஆகவே வற்புறுத்தலும் வேண்டாம், லஞ்சமும் வேண்டாம். ஒளித்து வைத்து ஏமாற்றுவதையும் நான் ஆதரிக்க மாட்டேன். ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டால், பிறகு தட்டில் வரும் எதையும் அந்தப் பிள்ளை நம்பாது. எஞ்சியிருக்கும் வழி ஒன்று. தின்னப் போகும் பொருளோடு பிள்ளையின் கைக்குப் பழக்கம் ஏற்படுத்துவது. மாவைத் தொடட்டும், பிசையட்டும், முகரட்டும். தன் கையால் உருட்டியது வேற்றுப் பொருள் ஆகாது.

இதற்கு வீட்டில் பிஸ்கோத்தும் கேக்கும் சுடுவதைப் போல் நல்ல தொழில் இல்லை. "அது வெள்ளைக்காரர் வழக்கம், நமக்கெதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நாம் வாழும் இந்தத் தில்லியிலேயே பாருங்கள். பழைய தெருக்களில் வீட்டு ஆட்டாவையும் நெய்யையும் சர்க்கரையையும் தூக்கிக் கொண்டு பேக்கரிக்குப் போய், கண்ணெதிரே பிஸ்கோத்துச் சுட்டுத் தகர டப்பாவில் நிரப்பி வருகிறார்கள். அலகாபாத் என்று வழங்கிய பிரயாக்ராஜில் கிறிஸ்துமஸுக்கு முன் குடும்பங்கள் தங்கள் பொருள்களோடு பேக்கரியில் காத்து நின்று கேக் சுட்டுச் செல்வது பழைய வழக்கம். அடுப்பு பிறருடையது, மாவு தன்னுடையது. உள்ளே என்ன போகிறது என்பது வீட்டாருக்குத் தெரியும். அதுதானே வேண்டுவது?

அந்தத் தாயாரின் சமையலறையிலேயே தொடங்கினோம். வகுப்பு நடத்தும் நாங்கள் மூவர், பிள்ளைகள் ஐவர். கேழ்வரகு இங்கே மண்டுவா என்ற பெயரில் கிடைக்கிறது. உத்தராகண்டத்து மலைகளிலிருந்து வருவது. ஊர்ப் பற்று மிகுந்து, முதல் முறை முழுவதும் கேழ்வரகு மாவிலேயே பிஸ்கோத்துச் சுட்டோம். ஒரு சிறுமி கடித்துப் பார்த்து, "அண்ணா, இது கல்" என்றாள். உண்மைதான். எம்.எஸ்ஸி. படிக்கும் மூவருக்கு முதலில் தோன்றியிருக்க வேண்டிய விஷயம் அது. கோதுமை மாவில் நீர் சேர்த்துப் பிசைந்தால் குளூட்டன் என்னும் புரத வலை உண்டாகிறது. காற்றைப் பிடித்து வைப்பதும், பண்டத்தை மெத்தென்று நிறுத்துவதும் அந்த வலைதான். கேழ்வரகில் அது இல்லை. ஆகவே கோதுமையின் துணை வேண்டும்.

அடுத்த முறை கேக். முழுக் கோதுமை மாவு 120 கிராம், கேழ்வரகு மாவு 60 கிராம், நன்கு கனிந்த வாழைப்பழம் மூன்று, பொடித்த வெல்லம் 50 கிராம், எண்ணெய் 50 மில்லி, தயிர் 100 மில்லி, ஆப்பச் சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. கேழ்வரகு மாவை இலேசாக வறுத்து அரை மணி நேரம் தயிரில் ஊற வைத்தால் நறநறப்பு அடங்கும். தயிரின் புளிப்பும் சோடாவும் கலந்து எழும் கரியமில வாயுவே கேக்கை எழுப்புகிறது. ஆதலால் சோடாவைக் கடைசியில் கலந்து உடனே அடுப்பில் ஏற்ற வேண்டும். பேக்கரி அடுப்பு இல்லாவிட்டால் குறையில்லை. அடி கனமான பெரிய பாத்திரத்தில் இரண்டு கை உப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையத்தை வைத்து, மூடிப் பத்து நிமிடம் காய வைத்தால் அதுவே அடுப்பு. கலவையை எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி உள்ளே வைத்து, சிறு தீயில் நாற்பது நிமிடம் மூடி வைக்க வேண்டும். ஈர்க்குச்சியைச் செருகி எடுத்தால் மாவு ஒட்டாமல் வரும்போது இறக்கலாம். எட்டுத் துண்டுகள் போட்டால், துண்டுக்கு வெல்லம் 6 கிராம்தான். நார்ப்பொருள் ஏறத்தாழ 3 கிராம். பழத்தின் இனிப்பு இருப்பதால் வெல்லம் குறைந்தது தெரிவதில்லை.

அந்தப் பையன் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். முதல் நாள் வாழைப்பழத்தைப் பிசைந்தான், கேக்கைத் தொடவில்லை. இரண்டாம் முறை முகர்ந்து பார்த்தான். மூன்றாம் முறை நுனியைக் கடித்துத் துப்பினான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். ஆறாம் முறை அரைத் துண்டு தின்றான். அவ்வளவுதான். இன்றும் பருப்பைக் கண்டால் அழுகிறான். இதை வெற்றி என்று பறைசாற்ற நான் வரவில்லை. ஆனால் அவன் உண்ணும் பொருள்கள் மூன்றிலிருந்து நான்காயின. அவன் தாயார் அன்று தோற்கவில்லை.

மறுப்புக்களையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெல்லமும் சர்க்கரைதான். அதன் நிறத்தைக் கண்டு மயங்கி இரட்டிப்பாகப் போட்டால் பயனில்லை. முழுத் தானியமும் நைய அரைத்துவிட்டால் வேகமாகவே செரிக்கும். இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் வேகத்தில் முழுக் கோதுமை ரொட்டிக்கும் வெள்ளை ரொட்டிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நாரும் தாதுச் சத்தும்தான் ஆதாயம். ஆகவே கூடவே கடலையோ பாலோ முட்டையோ இருப்பது நன்று. கேழ்வரகிலுள்ள சுண்ணாம்புச் சத்து முழுவதும் உடலில் சேர்வதில்லை. அதிலுள்ள பைட்டிக் அமிலம் ஒரு பகுதியைப் பிடித்துக் கொள்கிறது. முளைகட்டி அரைத்தால் அந்தத் தடை குறையும். 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடிய பின், கேழ்வரகு என்று முகப்பில் பெரிதாக எழுதிய பிஸ்கோத்துக்கள் கடைகளில் மிகுந்துவிட்டன. பொட்டலத்தின் பின்புறம் பாருங்கள். எடையில் மிகுந்த பொருளை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. முதலில் மைதாவும் அடுத்துச் சர்க்கரையும் இருந்தால், முகப்பிலுள்ள கேழ்வரகு வெறும் விளம்பரம்தான்.

எல்லாவற்றிலும் பெரிய மறுப்பு வேறு. "வீட்டிலேயே சுடுங்கள்" என்று சொல்வது எளிது. சுடப் போகிறவர் யார்? வேலைக்கும் போய், சமைத்து, பாத்திரமும் கழுவும் தாயின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றிவிட்டு, 'நல்வாழ்வு' என்று அதற்குப் பெயர் சூட்டுவது அநியாயம். இந்தக் குற்றச்சாட்டை நான் முற்றிலும் ஏற்கிறேன். அதனாலேயே இதைத் தாய்மார்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் மூன்று. முதலாவது, ஞாயிறு வகுப்பில் பிஸ்கோத்துப் பொட்டலமும் பெட்டிப் பானமும் கொடுப்பதை நிறுத்துவோம். அதற்குப் பதில் வாழைப்பழமும் வேகவைத்த கடலையும் கொடுப்போம். கணக்குப் பார்த்துவிட்டேன், செலவு கூடவில்லை. இரண்டாவது, மாதம் ஒரு ஞாயிறு பிள்ளைகளோடு சேர்ந்து நாமே சுடுவோம். சங்கத்து ஆண் உறுப்பினர்களே மாவு பிசைய வேண்டும். பாத்திரமும் அவர்களே கழுவ வேண்டும். எந்தப் பிள்ளைக்கு எது ஒவ்வாது என்பதைப் பெற்றோரிடம் முன்னரே கேட்டறிய வேண்டும். மூன்றாவது, தின்றவனைப் புகழவும் வேண்டாம். தின்னாதவனைப் பழிக்கவும் வேண்டாம். தட்டில் வைப்பது நம் கடமை. எடுப்பதும் விடுப்பதும் அவன் உரிமை.

நண்பர்களே, நாமும் தேர்வுக் காலத்தில் தேநீரும் பிஸ்கோத்துமாய் இரவைக் கழிப்பவர்களே. நம் வாயைத் திருத்துவது கடினம், பழகிப் போயிற்று. பழகிக் கொண்டிருக்கும் பதினைந்து வாய்கள் ஞாயிறுதோறும் நம்மை நாடி வருகின்றன. அவற்றுக்கு அகரத்தைக் கற்பிக்கும்போது பத்து முறை எழுதச் சொல்லிப் பொறுமையோடு காத்திருக்கிறோம். ஒரு கவளத்துக்கு மட்டும் ஏன் அந்தப் பொறுமை இல்லை? அடுத்த செயற்குழுவில் இதைப் பேச வேண்டுமென்று கேட்டுக் கொள்கிறேன். அடிகனப் பாத்திரம் என்னிடம் இருக்கிறது. உப்பும் நான் கொண்டு வருகிறேன்.